திறந்த கோப்பில் இப்போது எங்கே நிற்கிறோம்? தமிழ் உரையோடு வேலை செய்பவர்களுக்கான முழு வழிகாட்டி

ஒரு கோப்பைத் திறந்து வாசிக்கத் தொடங்கியதும், எதுவரை வாசித்தாயிற்று என்பதை இயங்குதளம் ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. திறந்தவுடன் அந்த எண் 0. பத்து பைற் வாசித்தால் 10. அடுத்த வாசிப்பு அந்தப் பத்திலிருந்து தொடங்கும். எழுதினாலும் இதே கணக்குத்தான். அந்த எண்ணைக் கேட்டுப் பெறுவதற்குப் பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரு கட்டளை உண்டு. பைத்தனில் அதன் பெயர் டெல், சி மொழியில் எஃப்டெல்.

ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவருக்கு இது சின்ன விஷயம். ஓர் எழுத்துக்கு ஒரு பைற், ஆகவே நூறாவது எழுத்து நூறாவது பைற்றில் இருக்கும். தமிழில் அப்படி இல்லை. டெல் தரும் எண்ணை எழுத்துக் கணக்கு என்று நினைத்து நிரல் எழுதினால், அது ஒரு நாள் எழுத்தை நடுவில் வெட்டும். அதனால்தான் இந்த வழிகாட்டியை ஆங்கில உதாரணங்களோடு எழுதாமல் நம் யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்களை வைத்து எழுதுகிறேன்.

உயர்தரத்தில் ஐசிடி எடுத்த பிள்ளைகளுக்குப் பைத்தனில் கோப்பைத் திறக்கவும், வாசிக்கவும், எழுதவும், மூடவும் தெரிந்திருக்கும். இதற்கு அது போதும். கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பைத்தன் 3 அதை ஏற்றுக்கொள்ளும். இடம், வரி, கோப்பு என்றெல்லாம் மாறிக்குப் பெயர் வைத்தால் நிரல் அப்படியே ஓடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கோப்பில் இடம் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்றால் அதைப் பைனரி முறையில், அதாவது பைற்றுகளை அப்படியே தரும் "ஆர்பி" முறையில், திறவுங்கள். இடத்தை எப்போதும் பைற்றில் வையுங்கள். எழுத்தாக மாற்றும் வேலையைக் கடைசியில் செய்யுங்கள். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: சோதனைக் கோப்பு

மூன்று வரிகள் போதும். நல்லூர், காரைநகர், நெடுந்தீவு என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் அடித்து, கடைசி வரிக்குப் பிறகும் ஒருமுறை என்டர் தட்டி, ஊர்கள் என்ற பெயரில் யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமியுங்கள். லினக்ஸில் சேமித்தால் கோப்பின் அளவு சரியாக 78 பைற் வர வேண்டும். விண்டோஸ் நோட்பேடில் சேமித்தால் 81 வரும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வரி முடிவுக்கும் இரண்டு பைற். 84 வந்தால், கோப்பின் தலையில் பிஓஎம் என்ற 3 பைற் அடையாளமும் சேர்ந்திருக்கிறது; அது இல்லாத யூடிஎஃப்-8 ஐத் தெரிவுசெய்து மறுபடி சேமியுங்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் 78 பைற் கோப்புக்கு உரியவை.

படி 2: இடத்தைக் கேளுங்கள்

கோப்பு = ஓப்பன்("ஊர்கள்", "ஆர்பி")
பிரிண்ட்(கோப்பு.டெல்())
வரி = கோப்பு.ரீட்லைன்()
பிரிண்ட்(கோப்பு.டெல்())

முதல் டெல் 0 தரும். ஒரு வரி வாசித்த பிறகு 22. இன்னொரு வரி வாசித்தால் 47. மூன்றாவதுக்குப் பிறகு 78. நான்காவது முறை ரீட்லைன் வெறுமையைத் தரும். டெல் 78 லேயே நிற்கும். கோப்பின் முடிவு என்பது இதுதான்: இடமும் கோப்பின் அளவும் ஒன்றாக இருப்பது.

சரி, நல்லூருக்கு ஏன் 22? கண்ணுக்குத் தெரிவது ந, ல், லூ, ர் என்று நான்கு எழுத்து. ஆனால் யூனிகோடில் ல் என்பது ல, புள்ளி என்று இரண்டு குறிகள், லூ என்பது ல, ஊகாரக் குறி என்று இரண்டு, ர் இரண்டு. மொத்தம் ஏழு குறிகள். யூடிஎஃப்-8 இல் தமிழ்ப் பகுதியின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைற். ஏழு மூன்று 21, வரி முடிவுக்கு ஒன்று, ஆக 22. காரைநகருக்கு எட்டுக் குறி, 24 பைற். நெடுந்தீவுக்குப் பத்துக் குறி, 30 பைற்.

ஆகவே ஒரே சொல்லுக்கு மூன்று நீளம் இருக்கிறது: எழுத்து 4, குறி 7, பைற் 21. பைத்தனில் லென் கட்டளை ஒரு தமிழ்ச் சரத்துக்கு இரண்டாவது எண்ணைத் தரும். டெல் தருவது மூன்றாவது. முதலாவது எண்ணை, அதாவது நாம் பள்ளிக்கூடத்தில் எழுத்து என்று படித்ததை, இரண்டு கட்டளையுமே தராது. காங்கேசன்துறை வீதியின் கிலோமீற்றர் கல் எவ்வளவு தூரம் வந்தோம் என்றுதான் சொல்லும், எத்தனை சந்தி கடந்தோம் என்று சொல்லாது, டெல்லும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. கோப்பாய் என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதலாவது 24 பைற், இரண்டாவது 27. எந்த விசைப்பலகையால், எந்த மென்பொருளால் அடித்தது என்பதைப் பொறுத்து இது மாறும். ஆகவே "இந்த ஊர்ப்பெயர் இத்தனை பைற்" என்று மனக்கணக்குப் போட்டு இடத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கோப்பையே கேளுங்கள்.

படி 3: குறித்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்

இடத்தைக் கேட்பதற்கு டெல், இடத்தை மாற்றுவதற்கு சீக். இரண்டும் சேர்ந்தால்தான் பயன்.

கோப்பு.சீக்(22)
பிரிண்ட்(கோப்பு.ரீட்லைன்().டீகோட்("யூடிஎஃப்-8"))

காரைநகர் வரும். டீகோட் என்பது பைற்றுகளை எழுத்தாக மாற்றும் கட்டளை. சீக்குக்கு இரண்டாவதாக ஓர் எண்ணும் கொடுக்கலாம். 0 என்றால் தொடக்கத்திலிருந்து, 1 என்றால் இப்போது நிற்கும் இடத்திலிருந்து, 2 என்றால் முடிவிலிருந்து. சீக்(0, 2) என்று முடிவுக்குப் போய் டெல் கேட்டால் கோப்பின் அளவு கிடைக்கும். அளவு மட்டும்தான் வேண்டும் என்றால் இயங்குதளத்திடம் ஸ்டாட் மூலம் கேட்பது நல்லது. நிற்கும் இடத்தைக் குழப்பாது.

இப்போது வேண்டுமென்றே தவறான இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சீக்(23) செய்து அந்த வரியை வாசித்து டீகோட் செய்தால் பைத்தன் பிழை காட்டும், ஏனென்றால் நீங்கள் நிற்பது க என்ற குறியின் மூன்று பைற்றுகளுக்கு நடுவில். இது நல்ல பிழை. நின்று சொல்லிவிடுகிறது.

சீக்(25) செய்து பாருங்கள். பிழையே வராது. ஆனால் வரி "ா" என்ற அனாதைக் காலோடு தொடங்கும். சில திரைகளில் அதற்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று தெரியும். யூடிஎஃப்-8 இன் பார்வையில் இது ஒழுங்கான இடம், ஒரு குறியின் தொடக்கம். தமிழின் பார்வையில் கா என்ற எழுத்தை வெட்டிய இடம். கணினி முறையிடாது என்பதால் இதுதான் இரண்டிலும் ஆபத்தானது. ஒரு பெரிய கோப்பை ஒரு மெகாபைற் துண்டுகளாக வெட்டிப் பல நிரல்களுக்குப் பங்கு போடுகிறவர்கள் இதில்தான் மாட்டுப்படுவார்கள்.

நடுவில் விழுந்துவிட்டால் மீள்வதற்கு வழி உண்டு. யூடிஎஃப்-8 இல் ஒரு குறியின் தொடர்ச்சி பைற்றுகள் எல்லாம் 128 இலிருந்து 191 வரையான மதிப்பில்தான் இருக்கும். அந்த மதிப்பில் இல்லாத பைற் வரும்வரை ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் குறியின் தொடக்கத்துக்கு வந்துவிடலாம். ஆனால் என்னைக் கேட்டால், அவ்வளவு நுணுக்கத்துக்குப் போகாமல் வரி முடிவு வரை போங்கள். வரி முடிவுக் குறியின் மதிப்பு 10. தமிழ்க் குறி எதற்குள்ளும் 10 என்ற பைற் வரவே வராது. ஆகவே 10 ஐத் தாண்டிய இடம் எப்போதும் நிச்சயமான இடம்.

படி 4: உரை முறையில் திறந்தால் என்ன ஆகும்

கோப்பை "ஆர்பி" இல்லாமல் வெறும் "ஆர்" என்று திறந்தால் அது உரை முறை. வாசித்தால் நேரே தமிழ்ச் சரம் கிடைக்கும், வசதிதான். ஆனால் அப்போது டெல் தரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கொடுக்கக்கூடாது. பைத்தனின் ஆவணமே அதை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாத எண் என்றுதான் சொல்கிறது. யூடிஎஃப்-8 கோப்பில் பெரும்பாலும் அது பைற் கணக்காகவே இருக்கும். அதைப் பார்த்துப் பழகிவிட்டால், என்றாவது விண்டோஸ் வரி முடிவுகள் உள்ள கோப்பு ஒன்றில் திடீரென்று 20 இலக்க எண் வந்து நிற்கும். பைற்றுகளை எழுத்தாக மாற்றும் குறிவிலக்கியின் அரைகுறை நிலையையும் பைத்தன் அந்த எண்ணுக்குள்ளேயே பொதிந்து வைப்பதால் வருவது அது. அந்த எண்ணை அப்படியே சீக்குக்குத் திருப்பிக் கொடுத்தால் சரியான இடத்துக்குப் போகும். கூட்டவோ, கழிக்கவோ, கோப்பின் அளவால் வகுத்து வீதம் பார்க்கவோ முடியாது.

உரை முறையில் இன்னும் இரண்டு தடைகள். ஒன்று, ஃபார் லூப்பில் வரி வரியாகப் போகும்போது டெல் கேட்டால் பைத்தன் மறுத்துவிடும்; லூப் வேகத்துக்காக முன்கூட்டியே வாசித்து வைத்திருப்பதால் இடம் கேட்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்ற பொருளில் ஓஎஸ்எரர் வரும். வைல் லூப்பில் ரீட்லைனை அழைத்தால் இந்தத் தடை இல்லை. பைனரி முறையிலோ ஃபார் லூப்பிலும் டெல் ஒழுங்காக வேலை செய்யும். மற்றது, இப்போதைய இடத்திலிருந்து இத்தனை தூரம் முன்னால் போ, பின்னால் போ என்று கேட்க முடியாது. தொடக்கம், முடிவு, முன்பு டெல் கொடுத்த எண், இவை மட்டும்தான் செல்லும்.

அத்தோடு உரை முறையில் டெல் மெதுவானது. ஒவ்வொரு முறையும் எங்கே நிற்கிறோம் என்பதைக் குறிவிலக்கியை மறுபடி ஓட்டிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இலட்சம் வரிக்கு இலட்சம் முறை கேட்டால் வித்தியாசம் தெரியும்.

படி 5: இடங்களுக்கு ஓர் அட்டவணை

இனித்தான் இது உண்மையில் கை கொடுக்கத் தொடங்குகிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் "நூலகம்" என்ற இணையச் சேகரம் போன்றவற்றோடு வேலை செய்கிறவர்களிடம் பெரிய பெரிய உரைக் கோப்புகள் சேரும். ஒரு சொல் தேவை என்பதற்காக முழுக் கோப்பையும் ஒவ்வொரு முறையும் வாசிப்பது வீண். ஒரே ஒருமுறை முழுவதும் போய், எது எங்கே தொடங்குகிறது என்று குறித்துவைத்தால் போதும்.

அட்டவணை = {}
கோப்பு.சீக்(0)
வைல் ட்ரூ:
    இடம் = கோப்பு.டெல்()
    வரி = கோப்பு.ரீட்லைன்()
    இஃப் நொட் வரி: பிரேக்
    அட்டவணை[வரி.டீகோட்("யூடிஎஃப்-8").ஸ்ட்ரிப்()] = இடம்

ஓடி முடிந்ததும் நல்லூருக்கு 0, காரைநகருக்கு 22, நெடுந்தீவுக்கு 47 என்று இருக்கும். டெல்லை வாசிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வாசித்த பின் கேட்டால் அது அடுத்த வரியின் இடம். அட்டவணை முழுவதும் ஒரு வரி பிசகிவிடும்.

கோப்பாய் இரண்டு விதமாக இருக்கலாம் என்று மேலே சொன்னது இங்கே வந்து நிற்கும். அட்டவணையில் ஏற்றும்போதும் தேடும்போதும் சொல்லை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பைத்தனில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நோர்மலைஸ் கட்டளையில் என்எஃப்சி வடிவம் இதற்குப் பொருத்தம். ஆனால் கோப்பை மாற்றாதீர்கள். கோப்பில் ஒரு பைற் கூடினாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லா இடங்களும் நகர்ந்துவிடும். கோப்பை யாராவது திருத்தினால் அட்டவணையைப் புதிதாகக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. கட்டும்போது கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் கூடவே சேமித்து வைத்தால், அட்டவணை பழசா புதுசா என்று பிறகு தெரிந்துகொள்ளலாம்.

படி 6: மின்வெட்டுக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். பல மணித்தியாலம் ஓட வேண்டிய நிரல் எதுவும் அந்த நாட்களில் ஒரே ஓட்டத்தில் முடிவதாக இல்லை. இப்போது நிலைமை வேறு. ஆனாலும் மின்சாரம் எந்த நேரமும் போகலாம் என்று நினைத்தே நிரல் எழுதுவது நல்ல பழக்கம். இந்தப் படியில்தான் நான் மிகவும் கவனம் கேட்கிறேன்.

வேலை இதுதான்: பெரிய உள்ளீட்டுக் கோப்பிலிருந்து வரி வரியாக வாசித்து, ஏதோ செய்து, வெளியீட்டுக் கோப்பில் எழுதுகிறோம். இடையில் நின்றால் மறுபடி தொடக்கத்திலிருந்து போகக்கூடாது. எந்த வரியும் விடுபடக்கூடாது, எந்த வரியும் இரண்டு முறை வரவும் கூடாது.

உள்ளீட்டின் இடத்தை மட்டும் சேமித்தால் போதாது. ஆயிரம் வரிக்கு ஒருமுறை சேமிக்கிறீர்கள், அதற்குப் பிறகு இன்னும் முந்நூறு வரி எழுதியதும் மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப ஓடும்போது அந்த முந்நூறு வரியும் வெளியீட்டில் இரண்டாவது முறை எழுதப்படும். ஆகவே வெளியீட்டின் இடத்தையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும்.

சேமிக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் வெளியீட்டுக் கோப்பை ஃப்ளஷ் செய்யுங்கள். நிரலின் பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், இருப்பது இயங்குதளத்துக்குப் போகும். அடுத்து எஃப்சிங்க், இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருப்பது வட்டுக்குப் போகும். இந்த இரண்டும் முடியும்வரை டெல் சொல்வதை நம்பி எதையும் குறிக்காதீர்கள், ஏனென்றால் எழுதும் கோப்பில் டெல் பஃபரில் இருப்பதையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும். டெல் 78 என்று சொல்லும்போது வட்டில் உள்ள கோப்பு 0 பைற்றாக இருக்கலாம்.

அப்புறம்தான் இரண்டு இடங்களையும் ஒரு சிறிய குறிப்புக் கோப்பில் எழுத வேண்டும். பழைய குறிப்பின் மேலேயே எழுதாதீர்கள். எழுதும் கணத்தில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகிவிடும். வேறு பெயரில் எழுதி, அதையும் எஃப்சிங்க் செய்து, பிறகு ரீப்ளேஸ் கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். ஒரே அடைவுக்குள் இப்படிப் பெயர் மாற்றினால் பழைய குறிப்போ புதிய குறிப்போ முழுதாக இருக்கும், அரைகுறையாக இராது.

மறுபடி தொடங்கும்போது குறிப்பைப் படியுங்கள். உள்ளீட்டில் சேமித்த இடத்துக்கு சீக் செய்யுங்கள். வெளியீட்டை "ஆர்+பி" என்று திறந்து, சேமித்த இடத்துக்கு சீக் செய்து, ட்ரன்கேட் என்ற கட்டளையால் அதற்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடுங்கள். குறிப்புக்குப் பிறகு எழுதிய முந்நூறு வரியும் போய்விடும். அவை மறுபடி ஒழுங்காக எழுதப்படும். "டபிள்யூபி" என்று மட்டும் திறந்துவிடாதீர்கள், அது திறந்த கணமே முழுக் கோப்பையும் வெறுமையாக்கிவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் செய்தால் நிரல் ஆமை வேகத்தில் போகும். ஆயிரம் வரிக்கு ஒருமுறை அல்லது அரை நிமிடத்துக்கு ஒருமுறை போதும். எவ்வளவு வேலையை மறுபடி செய்யப் பொறுமை இருக்கிறதோ அவ்வளவு இடைவெளி.

படி 7: வளர்ந்துகொண்டிருக்கும் கோப்பு

வற்றாத ஆறு இல்லாத நம் குடாநாட்டில் பெரும்பாலும் கிணற்றை நம்பித்தான் குடிநீரும் தோட்டமும். ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கும் சென்சர் நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுகிறது, இன்னொரு நிரல் புதிய வரிகளை மட்டும் எடுத்து வரைபடம் போடுகிறது என்று வைப்போம். அந்த இரண்டாவது நிரலுக்கு வேண்டியதெல்லாம் கடைசியாக நின்ற இடம் ஒன்றுதான். அங்கே சீக் செய்து, வருகிற வரிகளை வாசித்து, புதிய இடத்தைக் குறித்துவிட்டு உறங்கலாம்.

இரண்டு விடயத்தைக் கவனியுங்கள். வாசித்த கடைசி வரி வரி முடிவுக் குறியோடு முடியாவிட்டால், சென்சர் இன்னும் அதை எழுதி முடிக்கவில்லை. அந்த வரியின் தொடக்கத்துக்கே திரும்ப சீக் செய்து அடுத்த முறை வாசியுங்கள். கோப்பின் அளவு நீங்கள் குறித்த இடத்தைவிடக் குறைந்திருந்தால் யாரோ கோப்பை வெட்டியிருக்கிறார்கள் அல்லது புதுக் கோப்பு வைத்திருக்கிறார்கள். 0 இலிருந்து தொடங்குங்கள்.

படி 8: இடம் இரண்டு உண்டு

முதல் சோதனைக் கோப்புக்கே திரும்பி, ஒரே ஒரு வரி வாசித்த பிறகு டெல் கேளுங்கள்: 22. அதே நேரத்தில் ஓஎஸ் தொகுதியின் எல்சீக் கட்டளையால், கோப்பின் ஃபைல்நோ எண்ணைக் கொடுத்து, 0 தூரம் 1 முறையில் கேளுங்கள்: 78 வரும். இரண்டும் உண்மை. பைத்தன், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிடமிருந்து ஒரே தடவையில் ஒரு பெரிய துண்டாக வாங்கித் தன் பஃபரில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு வரி வரியாகத் தருகிறது. கர்னலைப் பொறுத்தவரை முழுக் கோப்பும் கொடுத்தாயிற்று. சி மொழியின் எஃப்ரீட்டும் இப்படித்தான்.

ஆகவே ஒரே கோப்பில் மேல் மட்டக் கட்டளைகளையும் கீழ் மட்டக் கட்டளைகளையும் கலக்காதீர்கள். கர்னல் வைத்திருக்கும் இடம் பகிரப்படவும் கூடும்: ஃபோர்க் செய்து பிறந்த பிள்ளைச் செயல்முறையும் தாயும் ஒரே இடத்தைத்தான் பயன்படுத்துகின்றன, ஒன்று வாசித்தால் மற்றதன் இடமும் நகரும். அதே கோப்பைத் தனித்தனியே ஓப்பன் செய்தால் தனித்தனி இடம். இழைகள் பல ஒரே கோப்பை வாசிக்க வேண்டுமென்றால் இடத்தையும் சேர்த்துக் கேட்கும் பிரீட் என்ற கட்டளை நல்லது, அது இருக்கும் இடத்தைத் தொடவே தொடாது.

கர்னலின் இடத்தை நிரலுக்கு வெளியிலிருந்தும் பார்க்கலாம், இது லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. ப்ராக் அடைவுக்குள் ஓடுகிற செயல்முறையின் எண்ணில் ஓர் அடைவு இருக்கும். அதற்குள் எஃப்டி என்ற அடைவைப் பட்டியலிட்டால் எந்த எண்ணில் எந்தக் கோப்பு திறந்திருக்கிறது என்று தெரியும். பக்கத்தில் உள்ள எஃப்டிஇன்ஃபோ அடைவில் அதே எண்ணைத் திறந்து பாருங்கள். பொஸ் என்று தொடங்கும் வரியில் இப்போதைய இடம். கோப்பின் அளவால் அதை வகுத்தால், யாரோ எழுதிய, எந்த முன்னேற்றமும் காட்டாத நிரல் எத்தனை வீதம் முடித்திருக்கிறது என்று அதை நிறுத்தாமலே சொல்லிவிடலாம். பஃபர் அளவுக்குக் கொஞ்சம் முன்னால் காட்டும், அவ்வளவுதான்.

மற்ற மொழிகளில்

சி மொழியில் எஃப்டெல் திருப்பித் தருவது லோங் வகை எண். 64 பிற் விண்டோஸிலும் லோங் 32 பிற்தான், ஆகவே 2147483647 பைற்றுக்கு மேல், அதாவது 2 ஜிகாபைற்றுக்கு மேல், அது சொல்ல முடியாது. அங்கே எஃப்டெல்ஐ64 என்ற மைக்ரோசொஃப்ட் கட்டளையையும், லினக்ஸில் எஃப்டெல்ஓ கட்டளையையும் பயன்படுத்துங்கள். பிழை வந்தால் இவை -1 தரும். அதைச் சோதிக்காமல் சீக்குக்குக் கொடுக்காதீர்கள். உரை முறையில் எஃப்டெல்லின் எண் எஃப்சீக்குக்குத் திருப்பிக் கொடுக்க மட்டும்தான் என்று சி தரநிலையும் சொல்கிறது. வாசிப்பதிலிருந்து எழுதுவதற்கு மாறும்போது நடுவில் ஒரு எஃப்சீக் கட்டாயம், இருக்கும் இடத்துக்கே என்றாலும்.

சி++ இல் வாசிக்கும் இடத்துக்கு டெல்ஜி, எழுதும் இடத்துக்கு டெல்பி. கோப்பு முடியும்வரை கெட்லைன் லூப் ஓடிய பிறகு டெல்ஜி கேட்டால் -1 வரும். கடைசி வாசிப்பு தோற்றதால் ஸ்ட்ரீம் தோல்வி நிலையில் இருக்கிறது. முதலில் கிளியர், பிறகு டெல்ஜி.

ஜாவாவில் ரான்டம்ஆக்சஸ்ஃபைல் வகுப்பின் கெட்ஃபைல்பொயின்டர். சி ஷார்ப்பில் ஃபைல்ஸ்ட்ரீமின் பொசிஷன். ஆனால் ஸ்ட்ரீம்ரீடரை மேலே போட்டுவிட்டு அடியில் உள்ள ஸ்ட்ரீமின் இடத்தைக் கேட்டால் எட்டாம் படியில் பார்த்த முரண்பாடுதான். கோ மொழியில் இப்போதைய இடத்திலிருந்து 0 தூரம் சீக் செய்தால் அது இடத்தைத் திருப்பித் தரும். பஃப்ஐஓ ரீடரை வைத்திருந்தால் அதன் பஃபர்ட் எண்ணைக் கழியுங்கள். ரஸ்டில் ஸ்ட்ரீம்_பொசிஷன். பிஎச்பியில் சி போலவே எஃப்டெல். நோட் ஜேஎஸ்ஸில் இதற்கென்று கட்டளை இல்லை. வாசித்த பைற்றுகளை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

இடம் கேட்க முடியாத கோப்புகள்

பைப் வழியாக, அதாவது ஒரு நிரலின் வெளியீடு நேரே இன்னொரு நிரலுக்குள் போகும் வழியாக, வருகிற தரவுக்கு இடம் கிடையாது. டெல் கேட்டால் பிழை வரும், சி இல் அதன் பெயர் ஈஎஸ்பைப். பைத்தனில் சீக்கபிள் என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். ஜிசிப் கோப்பைப் பைத்தனின் ஜிசிப் தொகுதியால் திறந்தால் டெல் தருவது சுருக்கம் அவிழ்த்த பிறகான இடம், வட்டில் உள்ள கோப்பின் இடம் அல்ல. பின்னோக்கி சீக் செய்தால் தொடக்கத்திலிருந்து மறுபடி அவிழ்த்துக்கொண்டு வரும், பெரிய கோப்பில் இது நீண்ட காத்திருப்பு. அட்டவணை வேலைக்கு அவிழ்த்த கோப்பையே வைத்திருங்கள்.

சேர்க்கும் முறையில், அதாவது "ஏ" என்று திறந்த கோப்பில், எங்கே சீக் செய்தாலும் எழுதுவது முடிவில்தான் போய்ச் சேரும். கோப்பின் முடிவைத் தாண்டி சீக் செய்து எழுதினால் பிழை வராது. இடையில் உள்ளது எல்லாம் பூச்சியப் பைற்றுகளாக நிரம்பிவிடும். தமிழ் உரைக் கோப்பின் நடுவில் இப்படிப் பூச்சியங்கள் தென்பட்டால், யாரோ பழைய இடம் ஒன்றை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகியுங்கள்.

சோதித்துப் பார்ப்பது

ஆறாம் படியின் நிரலை இப்படிச் சோதியுங்கள். ஒரு முறை இடையூறில்லாமல் ஓடவிட்டு அந்த வெளியீட்டை எடுத்து வையுங்கள். அப்புறம் மறுபடி தொடங்கி, நடுவில் கில் -9 கொடுத்து நிறுத்துங்கள், தொடருங்கள், வேறொரு இடத்தில் மறுபடி நிறுத்துங்கள். இது சேமிக்கும் ஒழுங்கைச் சோதிக்கும். எஃப்சிங்க்கைச் சோதிக்காது, ஏனென்றால் நிரல் செத்தாலும் கர்னல் உயிரோடு இருந்து தன்னிடம் உள்ளதை வட்டில் எழுதிவிடும். அதையும் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மெய்நிகர் கணினியில் ஓடவிட்டு, அந்தக் கணினியையே திடீரென்று நிறுத்துங்கள்.

முடிந்ததும் இரண்டு வெளியீடுகளையும் சிஎம்பி கட்டளையால் ஒப்பிடுங்கள். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் இரண்டும் பைற்றுக்குப் பைற் ஒன்று. வேறுபாடு இருந்தால் எத்தனையாவது பைற்றில் என்று எண்ணோடு சொல்லும். சிஎம்பி 1 இலிருந்து எண்ணுகிறது, சீக் 0 இலிருந்து. ஆகவே ஒன்றைக் கழித்து அந்த இடத்துக்குப் போய், அங்கிருந்து பின்னால் வரித் தொடக்கம் வரை வந்து அந்த வரியை வாசித்துப் பாருங்கள்.